உயரத்துக்குப் பயந்தவர் ஸ்டேனேஜ் பாறையில் ஏறலாமா?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்திருப்பதாகவும், ஆறு மாதமாக உள்ளரங்க ஏறுசுவரில் பழகி 6ஏ தரம் (எண்ணும் எழுத்தும் கூடக் கூடக் கடினம்) வரை ஏறுவதாகவும், நண்பர்கள் இப்போது ஊருக்கு வெளியே ஸ்டேனேஜ் பாறை விளிம்பில் ‘வெரி டிஃபிகல்ட்’ தரத்தில் ஒரு பாதைக்குக் கூப்பிடுவதாகவும், உயரம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். அந்த 6ஏவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இதில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் அது உங்கள் மேல் இல்லை. எட்டு வருடங்களுக்கு முன் இதே ஊரில் நானும் இப்படித்தான் இருந்தேன். வயது 37. சுவரில் 6பி ஏறுவேன். யாராவது கேட்டால் அதைச் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ‘வெரி டிஃபிகல்ட்’ என்ற பெயரைப் பார்த்தும் நான் பயப்படவில்லை. மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர், வெரி சிவியர் என்று அந்த வரிசை போகும் என்பதை ஒருவர் விளக்கியிருந்தார். ‘கடினம்’ என்பதே உச்சமாக இருந்த காலத்தில் வைத்த பெயர்கள். பின்னால் வந்தவர்கள் அதைவிடக் கடினமானதை ஏற ஏற, பழையதை மாற்றாமல் மேலே மேலே ஒட்டிக்கொண்டே போனார்கள். இன்றைக்கு ‘மிகக் கடினம்’ என்றால் ஏறக்குறைய ஆரம்பப் பள்ளி. 6பி ஏறுகிறவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு என்று நினைத்தேன்.

அக்டோபர் மாதம். ஹாதர்சேஜில் ரயிலை விட்டு இறங்கி நடந்தோம். ஊரைத் தாண்டி மேடேறினால் ஹெதர் புதருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளப் பாறை விளிம்பு. உயரம் பெரும்பாலும் 10, 20 மீட்டர்தான். அடிவாரத்தில் வட்டமாகக் கொத்திய பெரிய திரிகைக் கற்கள், வாங்க ஆளில்லாமல் போன நாளிலிருந்து அப்படியே பாசி பிடித்துக் கிடக்கின்றன. முப்பது கோடி வருடங்களுக்கும் முன்னால் ஆறுகள் கழிமுகத்தில் கொட்டிய பருமணல் இறுகிய பாறை அது. புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சொரசொரப்பு.

நான் ஏறிய பாதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே ஏறுகிறவர்கள் இந்தத் தளத்திலும் இருக்கிறார்கள், சிரிப்பார்கள். ஒரு விரிசல், அவ்வளவுதான். வண்ண வண்ணப் பிடி எதுவும் இல்லை. பாறையில் ஆணி அடித்து வைப்பதும் அங்கே கிடையாது. யாராவது அடித்தால் அடிதடியே நடக்கும். முன்னே ஏறுகிறவர் சிறு உலோகத் துண்டுகளை விரிசலில் செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். நான் பின்னால் வந்தவள். கையை விரிசலுக்குள் விட்டுக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை தடித்து இறுகும், அதில் தொங்கலாம் என்று கீழே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தலையாட்டியிருந்தேன். பாதி உயரத்தில் கை நம்பிக்கை தரவில்லை என்று முழங்காலை உள்ளே திணித்தேன். இறுகியது. மிக நன்றாக இறுகியது. பிறகு வரவில்லை.

ஆப்பசைத்த குரங்கு கதையைச் சிறுவயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்தக் குரங்கிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இருபது நிமிடம். கீழே மூன்று குழுக்கள் வரிசையில் நின்றன. பக்கத்துப் பாதையில் கயிறில்லாமல் ஏறிக்கொண்டிருந்த ஒரு முதியவர், எழுபது வயதாவது இருக்கும், என் மட்டத்துக்கு வந்ததும் நின்றார். “காலை இழுக்காதே, லவ். நீட்டு. மடக்கி வைத்திருக்கும் வரை அது வெளியே வராது” என்றார். (அந்தப் பக்கத்தில் எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.) நீட்டினேன். வந்தது, கொஞ்சம் தோலைப் பாறையிலேயே விட்டுவிட்டு. அவர் அதற்குள் உச்சிக்குப் போய்விட்டார்.

‘மேலிருந்து கயிறு பிடித்திருந்தார்களே, இதில் என்ன பயம்’ என்று எழுதப் போகிறவர்களுக்கு: அது எனக்கும் தெரியும். என் முழங்காலுக்குத் தெரியவில்லை. ‘வெள்ளைக்காரப் பணக்காரர் விளையாட்டு நமக்கெதற்கு’ என்று வழக்கமாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. அந்த மேட்டுநிலங்கள் கிரவுஸ் பறவை வேட்டைக்காகப் பூட்டிக் கிடந்தவை. ஸ்டேனேஜின் மேலேயே பார்க்கலாம், அந்தப் பறவைகள் தண்ணீர் குடிக்கப் பாறையில் குழி வெட்டி எண் கூடப் பொறித்திருக்கிறார்கள். மனிதன் நடந்தால்தான் குற்றம். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் அத்துமீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஸ்டேனேஜில் பெயர்பெற்ற பல பாதைகளை முதலில் ஏறிய ஜோ பிரவுன் மான்செஸ்டரில் குழாய் வேலை பார்த்தவர். அதே மனிதர்தான் 1955இல் கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் ஏறிய இருவரில் ஒருவர். உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக அவர்கள் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள்.

கஞ்சன்ஜங்கா ஏறினாலும் ‘மலையேற்றம்’, பத்து மீட்டர் விரிசலில் மாட்டிக்கொண்டாலும் ‘மலையேற்றம்’, ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் நடந்தாலும் ‘மலையேற்றம்’ என்றுதான் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. இதனால் பாதிக்கப்பட்டவள் நான். என் அம்மா உறவினர்களிடம் “மகள் லண்டன் பக்கத்தில் மலையேறுகிறாள்” என்று சொல்லி, பெரியம்மா “பழனிக்கு வந்து ஏறினால் புண்ணியமாவது கிடைக்குமே” என்று கேட்டு, அந்தப் பேச்சு ஒரு கல்யாண வீட்டில் முக்கால் மணி நேரம் ஓடியது. ஷெஃபீல்டு லண்டன் பக்கத்திலும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் ஏறவே வேண்டாம். ஹிக்கர் டோர் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். மேட்டுநிலத்தின் விளிம்பில் காற்றும் பனியும் அரித்து மிச்சம் வைத்த பாறைக் கூட்டம் அது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் உங்கள் பயம் சமாளிக்கக்கூடியதுதான். பிறகு நண்பருக்குப் பின்னால் ஏறுங்கள், தரத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்கி. குளிர்ந்த, காய்ந்த நாளில்தான் இந்தப் பாறை காலைப் பிடிக்கும். மழை பெய்த மறுநாள் பச்சைப் பாசியில் வழுக்கும். வசந்தத்தில் ரிங் ஊஸல் பறவை கூடுகட்டும் சில இடங்களுக்கு வேலி கட்டி அறிவிப்பு வைத்திருப்பார்கள், அங்கே போகாதீர்கள்.

புறங்கையில் சுற்ற டேப் வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த காற்சட்டையும் போடுங்கள். அன்று எடுத்த என் முழங்கால் படத்தை அம்மாவுக்கு இன்னும் அனுப்பவில்லை.