பகுதி சபையில் முதியோர் குழு: கேள்வி பதில்

சென்னை மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகள் அமைத்திருக்கிறார்கள். அங்கே வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள்தான். எங்கள் பகுதியில் மூத்த குடிமக்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து சபைக்கு யோசனைகள் எழுதித் தருகிறோம். அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

எங்கள் குழுவுக்கு நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. பேசி என்ன பயன்? (பெரம்பூர் வாசகர்)

அதிகாரம் இல்லைதான் ஐயா. ஆனால் கைத்தடியோடு தினமும் அந்தத் தெருவில் நடப்பது நீங்கள்தானே, பொறியாளர் இல்லையே. ‘நடைபாதை மோசம்’ என்று பொதுவாக எழுதினால் மனு கோப்பிலேயே தூங்கிவிடும். ‘ரேஷன் கடைக்கு எதிரே, மின்பெட்டி பக்கத்தில், நடைபாதை ஓர் அடிக்கு மேல் உயரம். இறங்கச் சரிவு இல்லை. வாக்கர் வைத்திருப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே சாலையில் நடக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். டேப் பிடித்து அளந்த படத்தையும் இணையுங்கள். நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிமுறை. அதையும் மனுவில் சேர்த்தால், பேச்சு உங்கள் வசதியைத் தாண்டி வேலையின் தரத்துக்குப் போய்விடும்.

அப்புறம், மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குத் தனித்தனியே பத்துப் பேர் போன் செய்தால் அவை பத்துப் புகார்கள். சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் அது வார்டு குழுவுக்குப் போகும். அந்தக் குழுவின் தலைவர் உங்கள் கவுன்சிலர்தான்.

கூட்டத்துக்கு முதியவர்களே வருவதில்லையே? (வேளச்சேரி வாசகி)

எங்கே, எத்தனை மணிக்கு நடத்துகிறீர்கள் அம்மா? மாடியில், லிஃப்ட் இல்லாத மண்டபத்தில், மாலை ஏழு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? தரைத்தளம், காலை பத்து மணி, கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை. முதலில் இதைச் செய்யுங்கள். படுக்கையில் இருப்பவர்கள் எப்படியும் வர முடியாது. அவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் போய்க் கேட்டு எழுதி வர வேண்டும். மருந்து சரியாக வருகிறதா என்பதையும் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். யாருக்கு விடுபட்டிருக்கிறது என்பது இப்படிப் போனால்தான் தெரியும். எங்கள் வேலையில் மிக முக்கியமானது இதுதான் என்பேன்.

முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. மாநகராட்சியில் கேட்கலாமா? (கொளத்தூர் வாசகர்)

அது வருவாய்த் துறையின் வேலை. தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

மகன் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைக் கவனிப்பதில்லை. குழு பேசித் தீர்க்குமா? (மயிலாப்பூர் வாசகி)

அம்மா, தயவுசெய்து இதைப் பஞ்சாயத்து ஆக்காதீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, அவர் அதைச் செய்யாவிட்டால், பிரிவு 23-இன்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். பத்திர நகல், வயதுச் சான்று எல்லாம் சேர்த்து மனுவை எழுதவும், அலுவலகத்துக்குத் துணைக்கு வரவும் குழுவினரைக் கூப்பிடலாம். பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.