பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்களே, இதயத்துக்கு ஆபத்தில்லையா?

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ட்ரேயில் காலி ஆம்பூல்கள் குவிவதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த விஷத்தில் பயப்பட வேண்டியது இதயத்தைப் பற்றியல்ல, நுரையீரலைப் பற்றி.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் உடம்பில் தேங்கத் தேங்க எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நாடி படுத்துவிடும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெஞ்சுக்குள் சுரக்கும் நீர்தான். சக்‌ஷன் போட்டு உறிஞ்ச உறிஞ்ச நுரை வந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சுரப்பை அடைப்பதுதான் அட்ரோபின். அளவை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. பெரியவர்களுக்கு 1 முதல் 3 மி.கி. நரம்பில் போட்டுத் தொடங்குவோம். 5 நிமிடத்தில் நெஞ்சு தெளியாவிட்டால் இரட்டிப்பு, அப்போதும் தெளியாவிட்டால் அதற்கும் இரட்டிப்பு. வெறுமனே நாடி குறைந்து வருபவருக்கு மொத்தம் 3 மி.கி.யோடு நிறுத்திக்கொள்ளும் அதே மருந்து!

கண்மணி விரிந்ததும் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கொரகொரப்பும் விசில் சத்தமும் போயிருக்க வேண்டும். அக்குள் காய்ந்திருக்க வேண்டும். நாடி 80-க்கு மேல், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 80-க்கு மேல். நாடி வேகமாக ஓடுகிறதே என்று மருந்தைப் பிடித்துவைப்பது தப்பு. ஆக்சிஜன் குறைந்தாலும் நாடி ஓடும்.

நெஞ்சு தெளிந்தபின், அதுவரை போன மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சொட்டாக விடுவோம். மிஞ்சினால் காட்டிக்கொடுத்துவிடும்: காய்ச்சல், பிதற்றல், காற்றில் எதையோ பிடுங்குவது, குடல் சத்தம் அடங்குவது, சிறுநீர் கட்டுவது. அப்போது சொட்டை நிறுத்தி, இவை தணிந்ததும் குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்குவோம்.

தசை பலவீனத்தை மட்டும் அட்ரோபின் தொடாது. நெஞ்சு தெளிந்து நன்றாகப் பேசுபவர்கூட 1 முதல் 4 நாளுக்குள் மூச்சுத் தசை தளர்ந்து வென்டிலேட்டருக்குப் போவதுண்டு. "நல்லாதானே இருக்காரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று வீட்டார் கேட்கும்போது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம். கழுத்துத் தசைதான் முதலில் தளரும்.