கலைந்ததா, கலைத்தார்களா?

அன்புள்ள ஐயா,

பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றி எங்கள் கல்லூரியில் விவாதம். 2011இல் நியூயார்க்கில் நடந்த ‘வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்’ போராட்டத்தைச் சொன்னேன். “கோரிக்கை இல்லை, தலைவர் இல்லை, ரெண்டே மாசத்துல கலைஞ்சு போச்சு” என்று பேராசிரியர் மடக்கிவிட்டார். எனக்கும் கல்விக்கடன் இருக்கிறது. அதை அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் போராட்டம் தோல்விதானா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த வெட்கத்துக்காகத்தான் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு திட்டு.

“கலைந்து போனது” என்றதும் வாயடைத்து நின்றீர்களா? கலைத்தார்கள் தம்பி. பெரிய வங்கிகளுக்கும் பங்குச்சந்தைக்கும் பேர்போன வால் ஸ்ட்ரீட் பக்கத்தில், சுக்காட்டி பூங்காவில் செப்டம்பர் 17 முதல் தங்கியிருந்தவர்களை நவம்பர் 15 அன்று, ஊர் தூங்கும் நேரத்தில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்கள் சேர்த்து வைத்திருந்த நூலகத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் நாசம். அதற்காக அவர்கள் நகர நிர்வாகத்தின் மீது போட்ட வழக்கு 2013இல் 47,000 டாலர் இழப்பீட்டில் முடிந்தது. விவாதத்துக்குப் போகிற பிள்ளை இதையெல்லாம் படித்துவிட்டுப் போக வேண்டாமா?

தலைவர் விஷயத்தை விடுங்கள். கோரிக்கையா? 2008இல் வங்கிகளைக் கைதூக்கிவிட 700 பில்லியன் டாலர் வரை ஒதுக்கிய நாட்டில், தவணை கட்ட முடியாதவர்களின் வீடு ஜப்திக்குப் போனது. அதைப் பார்த்து, ஒரு சதவீதப் பணக்காரர்கள் போக மீதி “நாங்கள் 99 சதவீதம்” என்றவர்களிடம் இன்னும் என்ன கோரிக்கை கேட்பது?

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பூங்காவில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பேசுபவர் நாலு சொல் சொல்லி நிறுத்துவார். சுற்றி நிற்பவர்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். கூட்டம் பெரிதானால் பின்வரிசை அதை வாங்கி இன்னும் பின்னால் அனுப்பும். சொல்லை மாற்றக் கூடாது. ஒருவர் “எனக்குக் கடன் இருக்கிறது” என்றால், முன்பின் தெரியாத நூறு பேரும் “எனக்குக் கடன் இருக்கிறது” என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ‘எனக்கு’ என்ற சொல்லைத்தான் பத்து வருடத்துக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கடன் என்ற சொல்லே வராது. வட்டிக்காரர் வந்தால் அம்மா ஈரக்கையோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “அவுக ஊர்ல இல்லையே.” அப்பா கொல்லையில் கிணற்றுத் திட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்வார். வாசலில் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகும் வெகுநேரம் எழுந்து வர மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்கு, யார் கேட்டாலும் “தெரியாது” என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள்.

அப்பா காரியம் முடிந்த மறுநாள் வட்டிக்காரர் நோட்டோடு வந்தார். 6,400 ரூபாய். விரல் வைத்துக் காட்டினார். அந்தப் பக்கத்தில் அப்பா பெயருக்கு மேலும் கீழும் எங்கள் தெருக்காரர்கள் பெயர்தான். மளிகைக்கடை அண்ணாச்சி, எதிர்வீட்டு டெய்லர் மாமா, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். இருபது வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கடன் எவ்வளவு, எம்.?