மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள் கார்பன் வரி, அதாவது காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடுக்கான வரி, போட்டால் பலன் இருக்குமா?

இருக்கும். ஆனால் வரிக்குப் பயந்து மக்கள் மின்சாரத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஊர் அளவில் போடும் வரி பெரும்பாலும் அவ்வளவு சிறியது. அது கொண்டுவரும் பணத்தை எங்கே செலவழிக்கிறார்கள் என்பதில்தான் பலன்.

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரத்தைப் பாருங்கள். அங்கே இந்த வரிக்கு 2006-இல் வாக்காளர்களே ஒப்புதல் தந்து, 2007-இல் வசூல் தொடங்கியது. புகைபோக்கியில் யாரும் அளவெடுக்கவில்லை. மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கு வரி. மின் நிறுவனம் பில்லோடு வசூலித்து நகரத்துக்குக் கொடுத்துவிட்டது. காற்றாலை மின்சாரம் வாங்கியவர்களுக்கு அதற்கு விலக்கு இருந்தது. வந்த பணம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆலோசனைக்கும் மானியத்துக்கும் போனது. 2022-இல் இதற்குப் பதிலாகப் புதிய காலநிலை வரிக்கும் அந்த ஊர் மக்கள் வாக்களித்தார்கள். காட்டுத்தீயைச் சமாளிக்கும் வேலைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு உறுத்துவது பழைய வரியின் விகிதம். 2009 முதல் வீட்டுக்கு யூனிட்டுக்கு 0.49 சென்ட், வணிகத்துக்கு 0.09, தொழிற்சாலைக்கு 0.03. அதாவது 600 யூனிட்டுக்கு ஒரு வீடு ஏறக்குறைய 3 டாலர் கட்டியது. தொழிற்சாலை கட்டியது வெறும் 18 சென்ட்! வரி கூடினால் தொழிற்சாலை பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்ற பயம் எந்த உள்ளாட்சிக்கும் இருக்கும், சரி. அதற்காகச் சுமையை இப்படி வீடுகளின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

பெரிய ஆளை மட்டும் பிடித்தாலும் சிக்கல்தான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 2010-இல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களுக்கு டன்னுக்கு 5 டாலர் என்று போட்டது. அந்த வரம்புக்குள் சிக்கியது ஒரே ஒரு அனல்மின் நிலையம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, இது வரி அல்ல, தண்டனைக் கட்டணம் போன்றது என்று 2011-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் நியூயார்க் நகரம் பிடித்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு, அவை விடும் கார்பனுக்கு 2024 முதல் வரம்பு. அதைத் தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். பெயரளவில் வரி இல்லைதான், ஆனால் ஜன்னலையும் பாய்லரையும் மாற்றுவதா, அபராதம் கட்டுவதா என்று உரிமையாளர் கணக்குப் போட்டே ஆகவேண்டும். கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓடவும் முடியாது.