கேள்வி பதில்: சந்திரலேகா பரதத்தை உடைச்சாங்களா?

கேள்வி: நான் பரதம் கத்துக்கறேன். கன்டெம்பரரி டான்ஸ் பண்றவங்க நிறைய பேர் சந்திரலேகா பேரைச் சொல்றாங்க. பரதத்தை உடைச்சவங்கதானே அவங்க, அப்புறம் எதுக்கு இவ்ளோ மரியாதை?
- வாசகி, திருச்சி

பதில்: உடைச்சாங்கன்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேம்மா. நடனக் கலைஞர் சந்திரலேகா, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளைங்கற குருகிட்ட பரதத்தை முறையா கத்துக்கிட்டவங்க. 1952ல அரங்கேற்றம், அதுவும் ஆந்திராவுல இருக்கற ராயலசீமாவோட வறட்சி நிவாரணத்துக்காக. 'மதுரா நகரிலோ'ங்கற பாட்டுக்கு யமுனைத் தண்ணில விளையாடற மாதிரி அபிநயம் பிடிச்சுக்கிட்டிருக்கும்போதே, தண்ணியில்லாம தவிக்கிற ஊருக்காக இதை ஆடறோமேன்னு உறைச்சிடுச்சு அவங்களுக்கு. அந்த உறுத்தல் அப்புறம் விடவே இல்ல.

1985ல 'அங்கிகா'ங்கற நடனப் படைப்பு பண்ணாங்க. நகை இல்ல, சாமி கதை இல்ல, முகபாவம் இல்ல, பரதத்தோட கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயட்டும் யோகாவும் சேர்ந்து வந்துச்சு. ஆனா அரைமண்டிய மட்டும் விடல, சொல்லப்போனா எல்லாமே அதுலதான் நின்னுச்சு. நம்ம கிளாஸ்ல அரைமண்டின்னா அடவு, அதாவது அடிப்படை நடன அசைவு, ஆரம்பிக்க முழங்காலை வெளிப்பக்கமா மடக்கிப் பாதி உக்கார்ற நிலை, டீச்சர் 'இன்னும் உக்காரு, இன்னும் உக்காரு'ம்பாங்க, தொடை நடுங்கும், எப்படா எந்திரிப்போம்னு இருக்கும். அவங்க அந்த நிலையிலயே ஆடறவங்கள நிறுத்தி வச்சு, இடுப்பும் முதுகெலும்பும் எவ்ளோ பலமானதுன்னு பாக்க வச்சாங்க. 1991ல வந்த 'ஸ்ரீ'ல பொண்ணுங்க முதுகு வளைஞ்சு குனிஞ்சபடியே மெல்ல நகர்ந்து போவாங்க, வசனமே வேணாம், காலங்காலமா பொண்ணுங்க சுமந்தது அந்த முதுகுலயே தெரியும்.

பாஸ்கராச்சாரியாரோட கணக்கு நூலை வச்சு 'லீலாவதி' பண்ணவங்களும் இவங்கதான். 2001ல 'சரீரா', மேடையில ரெண்டே பேர், குந்தேச்சா சகோதரர்கள் பாடின துருபத்ங்கற ஹிந்துஸ்தானி இசை, அவ்ளோ நிதானம். அதுல ஆடின டிஷானி தோஷி ஒரு கவிஞர். வருஷக்கணக்கா இவங்க குழுவுல ஆடின பத்மினி செட்டூர் அப்புறம் தனியா படைப்புகள் பண்ணாங்க, அதுலயும் அலங்காரம் கிடையாது, ஒரு சின்ன அசைவுக்குக் கூட கணக்கு இருக்கும், ஆனா அது சந்திரலேகா காப்பி இல்ல, முழுக்க அவங்களோடது. என்னைக் கேட்டா பெரிய செல்வாக்குன்னா அதுதான்.

கேள்வி: அப்போ நான் பரதத்தை விட்டுட்டு கன்டெம்பரரிக்குப் போயிடலாமா?

பதில்: வேணாம்மா, இப்போ விடாத. அரைமண்டி நல்லா உக்காரட்டும், முடிஞ்சா பக்கத்துல களரி கிளாஸ் இருந்தா சேர்ந்துக்கோ. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் பக்கம் அவங்க வாழ்ந்த இடம் 'ஸ்பேசஸ்' இருக்கு, சென்னை வந்தா அங்க ஏதாவது நிகழ்ச்சி இருக்கான்னு விசாரிச்சுப் போய்ப் பாரு.