ஹிரோஷிமாவில் குண்டு போட அதிபர் ட்ரூமன் கைப்பட எழுதிய உத்தரவைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்துவிட்டதாகத்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். பென்சிலில் சில வரிகள்: யோசனைக்கு ஒப்புதல், தயாரானதும் ரிலீஸ் செய்யலாம், ஆகஸ்ட் 2-க்கு முன்னால் வேண்டாம். கீழே எச்.எஸ்.டி. என்று ட்ரூமனின் இனிஷியல். குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. யாருக்குச் சந்தேகம் வரும்?

தாளைத் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் ஜூலை 30 அன்று, ஸ்டாலினுடனான மாநாட்டுக்காக ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் இருந்த ட்ரூமனுக்கு அனுப்பிய தந்தி. குண்டு விழுந்ததும் அதிபர் பெயரில் வெளியிட வேண்டிய பத்திரிகை அறிக்கைக்கு அவசரமாக ஒப்புதல் கேட்கிறார். அதன் பின்பக்கத்திலேயே ட்ரூமன் பதில் எழுதி, உடனிருந்த கடற்படை அதிகாரி ஜார்ஜ் எல்சியிடம் கொடுத்தார். ஆக, ரிலீஸ் ஆக வேண்டியது அறிக்கை. ஆகஸ்ட் 2 எதற்கு? அன்றுதான் அவர் பாட்ஸ்டாமிலிருந்து கிளம்பினார். செய்தி வரும்போது ஸ்டாலின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைச் சமாளிக்க அவருக்கு விருப்பமில்லை.

சரி, நிஜ உத்தரவு எங்கே? அது ஜூலை 25 தேதியிட்டது. தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் பாட்ஸ்டாமில் இருந்ததால், அவர் இடத்திலிருந்த ஜெனரல் ஹேண்டி, விமானப்படை ஜெனரல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பினார். ஏறக்குறைய ஆகஸ்ட் 3-க்குப் பிறகு வானம் தெளிந்ததும் ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி என்ற நாலில் ஒன்றின் மேல் முதல் 'சிறப்பு குண்டு'; அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம். ஒப்புதல் தந்தவர்களாகக் குறிப்பிடப்படுவது ஸ்டிம்சனும் மார்ஷலும்தான். அதிபர் வருவது ஒரே இடத்தில்: குண்டு பற்றிய தகவலை வெளியே சொல்லும் உரிமை யாருக்கு என்ற வரியில்!

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. முடிவு தன்னுடையது என்று பின்னாளில் பலமுறை சொன்னவர் அவர். ஆனால் அதே ஜூலை 25 நாட்குறிப்பில், குறி ராணுவ இலக்குகள் மட்டுமே, பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று ஸ்டிம்சனிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்த நான்கு ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்து இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம், 'தயாராகத் தயாராக' என்று எழுதியிருந்ததால் ஆகஸ்ட் 9-ல் நாகசாகிக்குப் புது உத்தரவே தேவைப்படவில்லை. மறுநாள் அணுகுண்டுத் திட்டத் தலைவர் குரோவ்ஸ், அடுத்த குண்டு ஆகஸ்ட் 17, 18-க்குப் பிறகு போடத் தயாராகிவிடும் என்று மார்ஷலுக்கு எழுதுகிறார். அந்தக் குறிப்பின் அடியில் மார்ஷலின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான் மேல் ரிலீஸ் செய்யக் கூடாது. இந்தத் தாளில் ரிலீஸ் என்றால் குண்டுதான்.