மிரர் என்றால் கண்ணாடி இல்லை: பாய்மர டிங்கிகளின் பெயர்க் கதைகள் – கேள்வி பதில்

கடற்படைப் பணியில் பல வருடம் இளைஞர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது மதுரையில், கடலே இல்லாத ஊரில் இருக்கிறேன். போன வாரம் ‘மிரர்’ என்ற டிங்கியைப் பற்றி, அதாவது ஒரு சிறு பாய்மரப் படகைப் பற்றி, நாலு வரி எழுதினேன். இவ்வளவு பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை வைத்துக் கதையை ஊகிக்காதீர்கள். பாயில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள், யார் காசு போட்டார்கள் என்று கேளுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

செல்லூர்: ‘டிங்கி’ என்பது இங்கிலீஷ் வார்த்தைதானே சார்?

இல்லை. இந்தி, வங்காளப் பக்கம் ஆற்றில் ஓடும் சிறு படகின் பெயர் அது. வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

திருமங்கலம்: தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்போது ஓட்டுவதால் மிரர் என்று பெயர் வந்ததாக என் நண்பர் சொல்கிறார். சரியா?

இதைத்தான் மேலே சொன்னேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். காற்று இல்லாமல் பாய்மரப் படகு எப்படி ஓடும்?

மிரர் என்பது டெய்லி மிரர், லண்டன் பத்திரிகை. சாதாரண வேலைக்குப் போகிறவன் தன் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி ஒரு படகு வேண்டும் என்று அந்தப் பத்திரிகை முன்வந்தது. டிவியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து, இணைப்பின் மேல் கண்ணாடி நார்ப் பட்டையைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். முழுப் பெட்டியும் 63 பவுண்டு 11 ஷில்லிங். பாய் சிவப்பாக இருப்பதற்கும் காரணம் பத்திரிகைதான், அதன் பெயர்ப் பட்டையின் நிறம் அது. இதுவரை 70,000-க்கு மேல் கட்டிவிட்டார்கள்.

நான் முதலில் தொட்டுப் பார்த்த மிரர் ரொம்பப் பழசு. உள்பக்கம் விரலை ஓட்டினால் ஒவ்வொரு தையலும் பசைக்கு அடியில் சின்ன மேடாகத் தட்டுப்படும். கட்டியவர் ஒரு தபால்காரராகவோ வாத்தியாராகவோ இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் எனக்குப் பிடித்த படகு அதுதான்.

கே.கே.நகர்: என்.சி.சி.யில் எண்டர்பிரைஸ் படகு ஓட்டினேன். பாய் ஏன் நீலம்?

இதுவும் பத்திரிகைதான் தம்பி. நியூஸ் கிரானிக்கிள் என்ற பத்திரிகை காசு போட, அதே ஜாக் ஹோல்ட் வடிவமைத்தார். 1956 ஜனவரிக் குளிரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டி விளம்பரம் செய்தார்கள். பத்திரிகை 1960இல் நின்றுவிட்டது, படகு இன்னும் ஓடுகிறது. நீங்கள் ஓட்டிய நீலப் பாய்க்கும் மிரரின் சிவப்புப் பாய்க்கும் ஒரே அப்பா.

அலங்காநல்லூர்: எல் டோரோ என்று ஒரு படகு உண்டாமே. ஸ்பானிஷில் காளை. அங்கேயும் மாடு பிடிப்பார்கள் அல்லவா, அதனால் வந்த பெயரா அண்ணே?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் வாடிவாசலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கலிபோர்னியாவில் ரிச்மண்ட் படகு கிளப்பில் சிலர் உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது பிறந்த யோசனை இந்தப் படகு. வெட்டி அரட்டையை அமெரிக்கர்கள் காளையோடு, சரியாகச் சொன்னால் காளைச் சாணத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்தக் காளையை ஸ்பானிஷில் மாற்றிப் பெயராக வைத்தார்கள். பாயில் கொம்பு இருக்காது, மண்வெட்டி மாதிரி ஒரு ஷவல் இருக்கும். எதை அள்ள என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அண்ணா நகர்: வண்டியூர் தெப்பக்குளத்தில் பாய்மரப் படகு ஓட்டலாமா?

முடியாது. ஆயிரம் அடிக்குள் அடங்கிய குளம், சுற்றிலும் மதில், நடுவில் மைய மண்டபம். காற்று உடைந்து உடைந்து வரும். அங்கே தெப்பத்தையே வடம் பிடித்துத்தான் இழுக்கிறோம்.

மேலூர்: என் மகளுக்கு 9 வயது. ஆப்டிமிஸ்ட் படகில் சேர்க்கச் சொல்கிறார்கள். தன்னம்பிக்கை வளர வேண்டும் என்று வைத்த பெயரா?

நல்ல பெயர் அம்மா, ஆனால் அந்தக் காரணம் இல்லை. ஆப்டிமிஸ்ட் என்பது அமெரிக்காவில் ரோட்டரி, லயன்ஸ் மாதிரி ஒரு சேவை அமைப்பு. புளோரிடாவில் கிளியர்வாட்டர் ஊரின் ஆப்டிமிஸ்ட் கிளப் பையன்களுக்கு, மரப் பெட்டியில் சக்கரம் வைத்துச் செய்யும் பெட்டிக் கார்ப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. கிளிஃபர்ட் மெக்கே என்பவர் 1947இல் எழுந்து கேட்டார்: கார் ஒரு நாள் பந்தயத்தோடு முடிந்துவிடுகிறது, சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே, படகாகக் கொடுத்தால் வருடம் முழுக்க ஓட்டுவார்களே? 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்று உள்ளூர்ப் படகுக்காரர் கிளார்க் மில்ஸிடம் போனார்கள். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை இரண்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கூர் மூக்கு வைத்தால் எட்டடியைத் தாண்டும். அதனால் மூக்கை மழுங்க வெட்டினார். குளியல் தொட்டி மாதிரி இருக்கிறதே என்று உங்கள் மகள் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

தாராளமாகச் சேருங்கள். லைஃப் ஜாக்கெட் அவள் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதைத் தாண்டி வரக்கூடாது. “வளர்வாளே” என்று பெரிதாக வாங்காதீர்கள்.

பழங்காநத்தம்: 420, 470, 505 எல்லாம் என்ன கணக்கு?

நீளம். 4.20 மீட்டர், 4.70 மீட்டர், 5.05 மீட்டர்.

பழங்காநத்தம் (மறுபடி): அப்படியானால் 29இஆர் 2.9 மீட்டரா?

அதுதான் பொறி. 49இஆர் 4.99 மீட்டர், அதுவரை சரி. 29இஆர் அதன் தம்பி, பெயரையும் அண்ணனைப் பார்த்து வைத்தார்கள். நீளமோ 4.45 மீட்டர். இன்னொரு குழப்பமும் உண்டு: லேசர் 4.7 என்பதில் 4.7 பாயின் பரப்பு, சதுர மீட்டரில். 470இல் அதே எண் நீளம். பெயரை வைத்து ஊகிக்காதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை சொல்வேனோ!

தல்லாகுளம்: நேத்ரா குமணன் ஓட்டும் படகை லேசர் என்கிறார்கள், ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள். எது சரி?

இரண்டும் அதே படகு. 1969இல் இயன் புரூஸ், புரூஸ் கர்பி இருவரும் போனில் பேசிக்கொண்டே தொடங்கியது. காரின் மேல் கட்டி எடுத்துப் போகும் படகாக நினைத்தார்கள். முதல் படகின் பாயில் ‘டி.ஜி.ஐ.எஃப்.’ என்று எழுதியிருந்தது. அப்பாடா, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்பதன் சுருக்கம். அப்புறம் ஒரு விருந்தில் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், இளைஞர்களுக்கான படகு என்றால் இந்தக் காலத்து அறிவியல் பெயராக இருக்கட்டும் என்று ‘லேசர்’ சொன்னார். அன்று லேசர் புதுச் சரக்கு.

அண்மையில் வணிகப் பெயர் உரிமைத் தகராறு வந்ததால் போட்டிகளில் சர்வதேச லேசர் படகுச் சங்கத்தின் சுருக்கப் பெயரான ஐ.எல்.சி.ஏ.வையே வைத்துவிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா டோக்கியோவில் ஓட்டியபோது லேசர் ரேடியல், இப்போது ஐ.எல்.சி.ஏ. 6. பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

நாகமலை: தெப்பக்குளத்தில்…

மேலே சொல்லியாயிற்று.

உசிலம்பட்டி: ஸ்னைப் என்றால் என்ன?

உள்ளான் குருவி. மழை பெய்து முடிந்த கண்மாய்ச் சகதியில் நீள அலகைக் குத்திக் குத்தி இரை தேடுமே, அதேதான். ‘தி ரட்டர்’ என்ற படகுப் பத்திரிகையில் வரும் வரைபடங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். 1931இல் வில்லியம் கிராஸ்பி வரைந்ததற்கு ஸ்னைப் வாய்த்தது. முதல் படகைக் கட்டியவன் மிசிசிப்பியில் ஒரு 14 வயதுப் பையன். பாயில் உள்ளான் பறப்பதைப் பார்க்கலாம்.

ஒத்தக்கடை: ‘ஹோபி கேட்’ என்ற படகின் பெயரில் பூனை எங்கிருந்து வந்தது?

பூனை இல்லை. ஹோபி என்பது செய்தவரின் செல்லப் பெயர், ஹோபார்ட் ஆல்டர். கேட் என்பது கேட்டமரானின் சுருக்கம். கேட்டமரான் நம் கட்டுமரம். உலகம் முழுக்க இரட்டை உடல் படகை ஓட்டுகிறவர்கள் தினமும் ஒரு தமிழ்ச் சொல்லைப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சிம்மக்கல்: அப்படியானால் இரட்டைப் படகைக் கண்டுபிடித்ததே தமிழன் என்று பெருமையாகச் சொல்லலாமே ஐயா?

சொல்லக்கூடாது. சொல் நம்முடையது, இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களுடையது. நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது, மரங்களைக் கயிற்றால் கட்டியது.

சிம்மக்கல்: நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டினால் இரட்டைதானே?

ராமநாதபுரம் (இடையில்): என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். இரண்டு மரத்தில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். மூன்று, ஐந்து என்று மீனுக்கும் கடலுக்கும் தக்கபடி கட்டுவார்கள். ஐயா சொல்வதே சரி.

ராமநாதபுரத்துக்காரருக்கு நன்றி. நானும் கிழக்குக் கரையில் பார்த்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், அடுத்த நாள் ஆழ்ந்து மிதக்கும். கடலில் இருக்கும்போது மரத்துக்கு மரம் உள்ள சந்தில் தண்ணீர் மேலே வந்து வழிந்து போகும். அதனால் அலை கவிழ்த்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறலாம். இரட்டை உடல் படகு வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு: இரண்டு ஒல்லி உடல்களை விலக்கி வைத்து, அந்த அகலத்தாலேயே கவிழாமல் நிற்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் கட்டுமரத்தின் புத்திசாலித்தனம்தான் காணாமல் போகும். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சொல் எப்படித் தாவியது? வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சான தன் பயணக் குறிப்பில் சோழமண்டலக் கரையில் பார்த்ததைச் சரியாகவே எழுதினார், மரத் துண்டுகள் என்று. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு எதிராக ஆங்கிலேயர் அனுப்பிய வெடி மிதவைகளுக்கும் அதே பெயர். அதற்குள் அந்தச் சொல் மிதக்கும் வினோதம் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகோடு நியூயார்க் பந்தயத்துக்கு வந்து எல்லோரையும் தோற்கடித்தார். இது படகே இல்லை என்று மற்றவர்கள் முறையிட, பரிசு கிடைக்கவில்லை. கேட்டமரான் என்ற பெயர் அந்த வகைக்கு நிலைத்துவிட்டது.

சிம்மக்கல்: சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுரைக்குப் பெருமையாக ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, நம் வீட்டு வாசலிலேயே. சிலப்பதிகாரத்தில் வைகைத் துறையில் ஓடங்கள் நிற்கின்றன: பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி. குதிரை முகம், யானை முகம், சிங்க முகம். முன்பக்கத்தைப் பார்த்தே பெயர். ஆனால் கோவலனும் கண்ணகியும் அவற்றில் ஏறவில்லை. கவுந்தி அடிகளோடு மரப்புணையில் தென்கரை சேர்கிறார்கள். கட்டுமரத்தின் உறவு அது. இதை விட்டுவிட்டு இல்லாத பெருமையைத் தேட வேண்டாம்.

காளவாசல்: ஜி.பி.14இல் மணிச் சின்னம் ஏன்?

ஜி.பி. என்றால் பொதுப் பயன், 14 என்றால் அடி. இதுவும் ஜாக் ஹோல்ட்தான். முதலில் எடுத்துக்கொண்டது வேல்ஸ் நாட்டில் அபர்டவி ஊர்க் கிளப். கடலில் மூழ்கிய ஒரு நாட்டின் மணியோசை அங்கே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும் என்பது பழங்கதை. 1964க்குப் பிறகு தனுஷ்கோடியை நினைக்கிற நமக்கு அந்த மணி புரியும்.

கோரிப்பாளையம்: சன்ஃபிஷ்?

ஒரு மீன். செய்தவர்களில் ஒருவரின் மனைவி கர்ப்பமாக இருந்தபோது முந்தைய ‘செயில்ஃபிஷ்’ படகில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. அகலமாக்கிக் கால் வைக்கக் குழி வைத்தார்கள். சின்னத்தை வரைந்தவர் ஐந்து சென்ட் காசைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, துடுப்பும் வாலும் கண்ணும் சேர்த்தார். அந்த வட்டம் இன்றும் பாயில் இருக்கிறது.

ஆரப்பாளையம்: ஃபின், ஃபயர்ஃபிளை?

ஃபின் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக வரைந்தது, ஃபின்லாந்து நாட்டை நினையுங்கள். ஃபயர்ஃபிளை மின்மினி இல்லை. ஃபேரி கம்பெனி போர் விமானம் செய்தது, அதில் ஒன்றின் பெயர் ஃபயர்ஃபிளை. அதே கூட்டம்தான் படகும் செய்தது.

வில்லாபுரம்: பிளைவுட்டில் நானே ஒன்று கட்டி எங்கள் ஊர்க் கண்மாயில் விடப் போகிறேன். என்ன பெயர் வைக்கலாம்?

பெயர் இருக்கட்டும் தம்பி. நீந்தத் தெரியுமா? லைஃப் ஜாக்கெட் வாங்கியாயிற்றா? கண்மாயில் கருவேலம் முள் தண்ணீருக்கு அடியில் நிற்கும், மடைப் பக்கம் இழுப்பு இருக்கும். தனியாக இறங்காதீர்கள், கரையில் கயிறோடு ஒருவர் நிற்கட்டும். கட்டி முடித்ததும் படம் அனுப்புங்கள், முன்பக்கத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறேன்.